நிரலாக்கப் பயிற்சி முகாம்

நிரலாக்கப் பயிற்சி முகாம் என்பது பிற தொழில்களில் உள்ளோரை மென்பொருள் உருவாக்குநர் பணிக்கு ஆயத்தப்படுத்தும் செறிவான குறுங்காலப் பயிற்சி ஆகும். பெரும்பாலான முகாம்கள் 3 முதல் 6 மாதங்கள் வரை நடைபெறுகின்றன. கணினியியல் கோட்பாடுகளை விட, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல்மொழிகளுக்கும் குழுவாகச் செய்யும் செயல்திட்டங்களுக்கும் இவற்றில் முதன்மை தரப்படுகிறது.

வரலாறு

சான் பிரான்சிஸ்கோவில் 2012 இல் தொடங்கப்பட்ட டெவ் பூட்கேம்ப் இவற்றின் முன்னோடிகளுள் ஒன்று. மென்பொருள் துறையில் ஆட்தேவை மிகுந்திருந்ததால் இம்முறை விரைவாகப் பரவியது. எனினும் டெவ் பூட்கேம்ப் 2017 இல் மூடப்பட்டது.

கட்டண முறை

வேலையை விட்டுச் சேர்வோர் கட்டணத்துடன் பல மாத ஊதியத்தையும் இழக்கின்றனர். இச்சுமையைக் குறைக்கும் வழியாகச் சில முகாம்கள் வருமானப் பகிர்வு ஒப்பந்தத்தை முன்வைத்தன. லாம்டா ஸ்கூல் நிறுவனத்தின் ஒப்பந்தப்படி, ஆண்டு வருமானம் 50,000 டாலரை எட்டியவர் 24 மாதங்களுக்கு அதில் 17% செலுத்த வேண்டியிருந்தது. உச்சவரம்பு 30,000 டாலராக இருந்தது. பின்னர் புளூம்டெக் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம் 86% வரை மாணவர் வேலை பெறுவதாக விளம்பரம் செய்தது. முதலீட்டாளர்களுக்கு அது அளித்த தகவலில் இவ்விகிதம் 50% அளவிலேயே இருந்தது. 2024 இல் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் இவ்வொப்பந்தங்கள் கடன்களே எனக் கூறி, நுகர்வோருக்குக் கடன் வழங்க அந்நிறுவனத்துக்கு நிரந்தரத் தடை விதித்தது.

வேலை பெற்றோர் விகிதம்

இவ்விகிதம் கணக்கிடும் முறைக்கேற்ப மாறும். இடையில் விலகியோரை நீக்கினாலும், முகாமிலேயே உதவியாளராகச் சேர்க்கப்பட்டோரை வேலை பெற்றோராகக் கருதினாலும் அது உயரும். சேர விரும்புவோர் இவ்விவரங்களை அறிந்த பின்னரே வெவ்வேறு முகாம்களின் விகிதங்களை ஒப்பிட இயலும்.