இயந்திரம் நீங்கும் நாளில்

1975ஆம் ஆண்டு கலிபோர்னியாவில், மூச்சுவிட இயலாது தவித்த ஒரு சிசுவை டாக்டர் றொபேட் பாட்லெற் செயற்கை நுரையீரலுடன் இணைத்தார். தாயால் கைவிடப்பட்ட அச்சிசுவுக்குத் தாதிமார் இட்ட பெயர் எஸ்பெரன்சா. ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்பது பொருள். குழந்தை பிழைத்தது. பின்னர் இச்சிகிச்சை பல நாடுகளிலும் பரவிற்று. இயந்திரத்தில் இணைத்த கதையைப் பலரும் வியந்து பேசுவர். அதினின்றும் குழந்தையைப் பிரிக்கும் நாளைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

கழுத்தின் வலப்புறப் பெருநாளத்தில் இட்ட குழாய் வழியே வெளிவரும் குருதி, இயந்திரத்தில் ஒட்சிசன் பெற்று, கழுத்து நாடியில் இட்ட மற்றொரு குழாயால் உடலுக்குத் திரும்பும். இருவழிக் குழாயொன்றை நாளத்தில் மட்டும் இடுவதும் உண்டு. நுரையீரலும் இருதயமும் தேறத் தேற, ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியிற் குழாய்களை அகற்றுவர்.

ஆயின், அன்றே குழந்தை நலமடைந்துவிட்டதென எண்ணலாகாது. இருதயத்தைத் தாங்கும் மருந்துகளும் போசணைக் கரைசல்களும் இன்னும் இடையறாது குருதியிற் சேரவேண்டும். இவற்றுட் சில சிறு நாளங்களைப் புண்ணாக்குவன. ஆதலாற் பெருநாளமே வேண்டும். கை கால்களிலுள்ள நுண்ணிய நாளங்களோ பலநாள் ஊசி பட்டுப் பயனற்றுப் போயிருக்கும். குருதிப் பரிசோதனைகளும் ஓய்வதில்லை. மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் முழுக் குருதியும் ஏறக்குறைய 250 மில்லிலீற்றரே என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

முன்னாளில், குழாயை எடுத்ததும் நாடியையும் நாளத்தையும் நூலாற் கட்டிவிடுவதே பெருவழக்கு. மூளையின் அடியில் நாடிகள் வளையமாக இணைந்திருத்தலால், மறுபக்கக் குருதி பெரும்பாலும் ஈடுசெய்தது. கட்டிய நாளமோ பின்னர் உதவாது. பிறவியிலேயே இருதயக் கோளாறுள்ள குழந்தைக்கு இஃது எளிய இழப்பன்று. பின்னாளில் இருதயத்தைச் சோதிக்கக் குழாய் செலுத்தும் வழிகளுள் அந்நாளமும் ஒன்றாகும்.

ஆதலால் நாளத்தைத் தைத்துச் சீர்செய்வாரும் உளர். வேறு சிலர், பருத்த குழாய் வெளியேறும் அதே வாயிலாக மெல்லிய குழாயொன்றை உள்ளே விடுவர். ஊசியால் நாளத்தைத் தொட்டு, அதனூடே கம்பியை விட்டு, கம்பியின்மேற் குழாயைச் செலுத்தும் முறையைச் சுவீடன் நாட்டுச் செல்டிங்கர் 1953இல் வெளியிட்டார். இங்கோ வாயில் முன்னரே திறந்திருப்பதால் ஊசிக்கு வேலையில்லை. குருதி உறையாதிருக்கக் கொடுத்த ஹெப்பாரின் மருந்தின் வேகம் தணியாத வேளையிற் புதிதாக ஓரிடத்தைக் குத்தினாற் குருதிப்பெருக்கு நேரலாம். அவ்வச்சமும் இதனாற் குறைகிறது.

எனினும் இம்முறை எல்லார்க்கும் ஏற்றதன்று. பழைய குழாயைச் சூழ்ந்து குருதிக்கட்டி படிந்திருக்கலாம், கிருமித்தொற்றும் இருக்கலாம். கேளா ஒலிக் கருவியால் நாளத்தை முன்னரே நோக்கி, குழாயை எடுக்கும் முன்பே முடிவு செய்தல் நன்று என்பதே என் கருத்து. கட்டியபின் யோசிப்பதாற் பயனில்லை. புதிய குழாயும் கிருமிக்கு வழியாகக் கூடும். ஆகவே அதன் தேவையை வைத்தியர் நாள்தோறும் ஆராய்வர். குழந்தை வாயால் உண்டு, மருந்துகளும் குறைந்தபின், தாமதமின்றி அதனையும் எடுத்துவிடுவர்.