நீச்சல் குளத்தைச் சுற்றி புல் வைக்கலாமா? முடிவெடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க!

நீலத் தண்ணீர், அதைச் சுற்றிப் பச்சைப் பசேலெனப் புல், ஓரமாக ரெண்டு சாய்வு நாற்காலி. ஈ.சி.ஆர் பக்கம் வார இறுதிக்கு வாடகைக்கு விடும் வீடுகளின் ரீல்ஸில் இந்த ஃபிரேம் இல்லாமல் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு, ‘நாம கட்டப்போற வீட்லயும் சின்னதா ஒரு ஸ்விம்மிங் பூல், சுத்தி புல்லு’ என்று பிளான் போட்டு வெச்சிருக்கீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான்.

குளத்துக்கு என்ன ஆழம், என்ன கலர் டைல்ஸ் என்று பத்து தடவை யோசிப்போம். புல் விஷயத்தில் மட்டும், ‘மிச்ச இடத்துல போட்டுக்கலாம்’ என்று விட்டுவிடுவோம். ஆனால், கட்டி முடித்த பிறகு அதிகம் தண்ணீர் குடிப்பதும், வாராவாரம் வேலை வைப்பதும் அந்த ‘மிச்ச இடம்’தான். பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். புல் வைக்கலாம், குளத்தின் விளிம்பு வரை மட்டும் வேண்டாம். ஏன்னு பார்ப்போம்.

புல்லால் என்ன லாபம்?

மே மாத மதியத்தில் கடப்பா கல்லில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், புரியும். வெயிலை வாங்கி அப்படியே வைத்துக்கொள்ளும் கறுப்புக் கல் அது. உயிருள்ள புல் தன் இலைகள் வழியே ஈரத்தை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் அவ்வளவு சுடாது. குழந்தைகள் விழுந்தாலும் முட்டி பேராது. மழைத் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கும். அழகைத் தாண்டி இதெல்லாம் நிஜமான லாபம்தான்.

குளத்தைவிட அதிகம் குடிக்கும்!

‘ஸ்விம்மிங் பூல்னாலே தண்ணி வேஸ்ட்’ என்பார்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது ஒரு லிட்டர். 20 அடிக்கு 10 அடி குளம் என்றால் 200 சதுர அடி. கோடையில் தினமும் 5 மில்லிமீட்டர் ஆவியாவதாக வைத்துக்கொண்டால், குளம் இழப்பது சுமார் 93 லிட்டர்.

இப்போது அதைச் சுற்றி 1,000 சதுர அடிக்குப் புல் போடுகிறீர்கள். அதற்கும் அதே 5 மில்லிமீட்டர் தண்ணீர் விட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 465 லிட்டர். அதாவது, குளம் இழப்பதைப்போல ஐந்து மடங்கு. மாதக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட 14,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றை முழுசாகக் காலி செய்த பிறகும் பத்தாது.

2019 ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்தோடு நின்றது நினைவிருக்கும். அப்படி ஒரு கோடை மறுபடியும் வந்தால், முதலில் கருகுவது உங்கள் புல்தான். அதனால் 1,000 சதுர அடி ஆசையை 300-க்குக் குறைத்துப் பாருங்கள். தண்ணீர்ச் செலவும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும்.

‘பூல் தண்ணியையே புல்லுக்கு விடலாமே?’ என்று கேட்கலாம். நீந்தும்போது தெறிக்கிற தண்ணீரால் பிரச்னை இல்லை. வழக்கமாகக் குளத்தில் இருக்கும் 1 முதல் 3 பிபிஎம் குளோரின் புல்லைக் கொன்றுவிடாது. ஆனால், ஃபில்டரைக் கழுவி வெளியேற்றும் தண்ணீரை அப்படியே திருப்பிவிடக் கூடாது. தொட்டியில் தேக்கி வைத்து, டெஸ்ட் கிட்டில் குளோரின் பூஜ்ஜியம் காட்டிய பிறகு பாய்ச்சலாம். உப்புநீர் சிஸ்டம் போட்ட குளம் என்றால் அந்தத் தண்ணீரைப் பாய்ச்சவே வேண்டாம். மண்ணில் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

விளிம்பு வரை ஏன் வேண்டாம்?

புல்லை வெட்டும் ஒவ்வொரு முறையும் துணுக்குகள் பறந்து தண்ணீரில் விழும். ஈரக்காலில் ஒட்டிய மண்ணும் உள்ளே போகும். ரெண்டும் சேர்ந்து ஃபில்டரை அடைக்கும்.

அடுத்தது உரம். புல்லுக்குப் போடும் யூரியா குளத்தில் கலந்தால், குளோரின் அதோடு வினைபுரிந்து வீணாகும்; கிருமியைக் கொல்லும் வேலைக்கு மிச்சம் குறையும். உரத்தில் இருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்குச் சாப்பாடு. நீலத் தண்ணீர் பச்சையாகும் கதை இங்கேதான் ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புல்தரை குளத்தை நோக்கிச் சரிந்திருந்தால், சேறும் உரமும் சேர்ந்தே இறங்கிவிடும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒயரை இழுத்துக்கொண்டு ஓடும் கரன்ட் மெஷினை வைத்து, குளத்தின் ஈர விளிம்பில் புல் வெட்டுவது உயிரோடு விளையாடுவது.

நடுவில் கல் பாதை

அதனால் குளத்தை ஒட்டி நான்கைந்து அடி அகலத்துக்குக் கல்லோ, கான்கிரீட்டோ போட்டுவிடுங்கள். நம் கோயில் குளங்களில் தண்ணீரை ஒட்டி இருப்பதும் கல் படிக்கட்டுதானே? வழவழவென பாலிஷ் போட்ட கிரானைட் வேண்டாம், வழுக்கும். சொரசொரப்பான, வெளிர் நிறக் கல் நல்லது. நான்கு அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் குளத்துக்கு எதிர்த்திசையில் சரிவு கொடுங்கள். கல் முடியும் இடத்தில் மூடி போட்ட சின்ன வடிகால், அதற்கு அப்பால் புல். இப்படிச் செய்தால் மேலே சொன்ன தொல்லைகளில் பெரும்பாலானவை குறைந்துவிடும்.

எந்தப் புல்?

நர்சரியில் ‘பெர்முடா’ என்று ஸ்டைலாகச் சொல்வது வேறொன்றுமில்லை, நம்ம அருகம்புல்லின் இனம்தான். நல்ல வெயில் வேண்டும். மிதித்தாலும் சீக்கிரம் தேறிவிடும். ஆனால், ஓரத்தில் தடுப்பு வைக்காவிட்டால் கல் இடுக்கிலெல்லாம் படரும். கொஞ்சம் நிழல் விழும் இடம் என்றால் பஃபல்லோ புல். அதிகம் வெட்டத் தேவையில்லாமல், பார்க்க மட்டும் அழகாக இருந்தால் போதும் என்றால் மெதுவாக வளரும் கொரியன் புல். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா? உப்பைத் தாங்கும் பாஸ்பாலம் புல் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

‘தொல்லையே வேணாம், பிளாஸ்டிக் புல் போட்டுடலாம்’ என்கிறீர்களா? அதற்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், உண்மைதான். ஆனால், உச்சி வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். பிஞ்சுக் கால்கள் என்ன ஆகும்? நிழலில் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம்

புல்தரை என்றாலே குழந்தைகளுக்கு விளையாட்டு மைதானம். பந்து உருளும். உருண்டால் குளத்தில்தான் விழும். பின்னாடியே குழந்தையும் ஓடும். நீரில் மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோலக் கையை ஆட்டிக் கத்துவதில்லை. பெரும்பாலும் சத்தமே வராது. போனில் ஒரு மெசேஜுக்குப் பதில் போடும் நேரம் போதும், எல்லாம் முடிந்துவிட.

ஆகவே, புல் வைப்பதாக முடிவு செய்தால் கூடவே வேலிக்கும் பட்ஜெட் போடுங்கள். கல் பாதையும் புல்லும் சந்திக்கும் இடம்தான் வேலிக்குச் சரியான கோடு. குறைந்தது நான்கு அடி உயரம், ஏறுவதற்குக் கால் வைக்க முடியாத நேர்க்கம்பிகள், தானாக மூடிக்கொள்ளும் கதவு. வேலியை ஒட்டி நாற்காலியோ, பூத்தொட்டியோ வைக்காதீர்கள், அதுவே ஏணியாகிவிடும். ரீல்ஸில் கம்பி தெரிந்தால் அழகு கெடும் என்று யாராவது சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்போது நர்சரிக்கு போன் போடும் முன் மூன்றே கேள்விகள். ஏப்ரல், மே மாதங்களில் புல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? வாராவாரம் அதை வெட்டப்போவது யார்? வேலிக்குப் பணம் எடுத்து வைத்தாச்சா? மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாகப் புல் போடுங்கள். ஒன்றுக்குக்கூட இல்லை என்றால், இப்போதைக்குக் கல் பாதையும், ஒரு வேப்பமரமும், அதன் நிழலில் ரெண்டு நாற்காலியும் போதும். வேலி மட்டும் அப்பவும் கண்டிப்பா வேணும், பாஸ்!