பக்கத்து வீட்டில் கடைக்கால் தோண்டும்போது...

கெலமங்கலத்தில் இப்போது எந்தத் தெருவில் நடந்தாலும் ஜல்லிக் குவியலைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகை வீடு வேண்டுமே! ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டுவது தப்பில்லை. ஆனால் பக்கத்து வீட்டார் என் சமையலறைச் சுவரை ஒட்டிக் கடைக்கால் தோண்டியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சமையலறைக்கு வெளிச்சமும் காற்றும் அந்தப் பக்கத்து ஜன்னல் ஒன்றில்தான். வீட்டில் ஏழு மாதப் பேரன் வேறு. நாலே நாளில் சுவரில் மயிரிழை போல ஒரு விரிசலும் கண்டது.

சண்டைக்குப் போக மனம் வரவில்லை. என் மகளின் பிரசவத்தின்போது இரவெல்லாம் கூடக் கண்விழித்தவள் அந்த வீட்டுப் பெண். "ஏம்மா, பிளானுக்கு அனுமதி வாங்கியாச்சா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதெல்லாம் மேஸ்திரி பாத்துக்குவாருக்கா. நம்ம எடத்துல நாம கட்ட யாரைக் கேக்கணும்?" என்றாள்.

கேட்கத்தான் வேண்டும், சகோதரிகளே! சொந்த மனையானாலும், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளும் பேரூராட்சிக்கும் உண்டு. மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்துப் பக்கங்களில் இடம் விட வேண்டும். வெளிச்சம், காற்று, தீ விபத்து எல்லாவற்றையும் உத்தேசித்துத்தான் இந்த ஏற்பாடு.

இரண்டு முறை சொல்லியும் வேலை நிற்கவில்லை. நான் செய்தது இதுதான்:

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதினேன். தினமும் படம் எடுத்து வைத்தேன். பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு மனு எழுதி, நகலில் முத்திரை வாங்கினேன். வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும்! அனுமதி விவரம் தெரிய, 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அவசரமானால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கோரலாம்.

'கட்டி முடித்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?' என்பது வீண் தைரியம். நொய்டாவில் 16 மீட்டர் இடைவெளி வேண்டிய இடத்தில் 9 மீட்டர் மட்டும் விட்டு எழுந்த இரட்டைக் கோபுரங்களை எதிர்த்து அங்கே குடியிருந்தவர்களே வழக்காடினார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2022 ஆகஸ்ட் 28 அன்று சில நொடிகளில் அவை மண்ணாயின.

ஆட்கள் வந்து அளந்தார்கள்; வேலை நின்றது. ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு நானே போனேன். 2,500 சதுர அடிக்குள் மனை, தரைத்தளமும் ஒரு மாடியுமாக 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால், 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி பெறலாம் என்று சொன்னேன். பிளான் இருந்தால் வங்கிக் கடனுக்கும் நல்லதாயிற்றே!

இடம் விட்டு மறுபடி கடைக்கால் தோண்டினார்கள். விரிசலையும் அவர்கள் மேஸ்திரியே பூசிக் கொடுத்தார். வெளிச்சம் முன்போல் இல்லைதான். ஆனாலும் ஜன்னல் திறக்கிறது. நேற்று அதன் வழியாகவே ஒரு கிண்ணம் பாயசம் வந்தது. "அக்கா, முன்னாடியே கேட்டிருக்கலாம்" என்றாள்.

கடைக்கால் தோண்டும்போதே கேட்டுவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு கேட்டால், பணமும் உறவும் இரண்டுமே இடியும்.