சுனாமி நாளில் பூமி எவ்வளவு அசைந்தது?

2004 டிசம்பர் 26 காலை, சுமாத்ராவுக்கு மேற்கே கடலடி நிலம் சுமார் 1,200 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளந்து நகர்ந்தது. நடுக்கத்தின் அளவு 9.1. இரண்டு மணி நேரமளவில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது தொடங்கி திருக்கோவில், கோமாரி, பொத்துவில் வரை கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள்.

பூமியின் அச்சே நகர்ந்துவிட்டது, நாள் குறுகிவிட்டது என்ற செய்தியும் அப்போது உலகெங்கும் பரவியது. ஊரையே கடல் கொண்டுபோனதைக் கண்டவர்கள் அதைக் கேட்டுக் கலங்கியதில் வியப்பில்லை. அந்தச் செய்தியை எடைபோட, பூமி ஏன் சுழல்கிறது என்று முதலில் பார்ப்போம்.

சுழற்சி வந்த வழி

460 கோடி ஆண்டுகளுக்கு முன் வாயுவும் தூசும் கலந்த முகில் ஒன்று தன் ஈர்ப்பால் சுருங்கியது. அதிலிருந்த மெல்லிய சுழற்சி சுருங்கச் சுருங்க வேகம் பிடித்தது. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லை உள்ளே இழுத்தால் அது விரைந்து சுற்றுவதும் இதே விதிப்படிதான். அந்த முகிலிலிருந்து உருவான பூமியும் அந்தச் சுழற்சியின் உந்தத்தை, அதாவது கோண உந்தத்தைப் பெற்றது. விண்வெளியில் உராய்வு இல்லாததால் இன்றும் சுழல்கிறது. மத்திய கோட்டுக்கு 7 பாகை வடக்கேயுள்ள கோமாரிக் கரை மணிக்கு 1,650 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் கிழக்கே விரைகிறது. வேகம் ஒரே சீராக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

நடுக்கம் செய்தது

அன்று ஒரு நிலத்தட்டு மற்றதன் கீழ் இறங்கியதால் பூமியின் நிறை அச்சை நோக்கிச் சற்றே நெருங்கியது; உள்ளே இழுத்த கல்லைப் போலச் சுழற்சி விரைந்தது. நாசா விஞ்ஞானிகள் ரிச்சர்ட் குரோஸ், பெஞ்சமின் சாவோ ஆகியோரின் கணிப்பில் நாள் 2.68 மைக்ரோசெக்கன் குறைந்தது. வட துருவம் 2.5 சென்ரிமீற்றர் நகர்ந்தது. நாள் குறைந்தது ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் மூன்று பங்கும் இல்லை. கருவிகளால் நேரடியாக அளக்க முடியாத அளவு அது.

பருவக் காற்றுகள் செய்வது இதைவிட அதிகம். நமது வாடையும் கச்சானும் போல உலகெங்கும் காற்றோட்டம் மாறும்போது, நாளின் நீளம் ஆண்டுக்குள்ளேயே ஒரு மில்லிசெக்கன் அளவில் கூடிக் குறைகிறது. சந்திரன் எழுப்பும் வற்றுப்பெருக்கு கடலடியில் உராய்ந்து நாளை நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிசெக்கன் நீட்டுகிறது. சந்திரனும் ஆண்டுதோறும் 3.8 சென்ரிமீற்றர் விலகுகிறது. துருவப் பனி உருகி நீர் மத்திய கோட்டுப் பக்கம் பரவுவதாலும் சுழற்சி தளர்கிறது.

ஆகவே பூமி தடம் மாறுமென்று அஞ்சத் தேவையில்லை. அஞ்ச வேண்டியது கடலடித் தட்டுகளின் அடுத்த நகர்வுக்கு. அன்று தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. இலங்கையின் கிழக்குக் கரைக்கோ உயர்ந்த அலையே முதலில் வந்தது. கடல் வற்றும்வரை பார்த்திருப்பது இங்கே உயிருக்கு ஆபத்து. அப்போது இந்து சமுத்திரத்துக்கு இல்லாத எச்சரிக்கை அமைப்பு இப்போது இருக்கிறது. எச்சரிக்கை கேட்டதும் கரையை விட்டு மேட்டு நிலத்துக்குப் போய்விட வேண்டும். பூமியின் சுழற்சியைப் படிக்கும் நம் பிள்ளைகள் இதையும் அதே வகுப்பில் படிக்கட்டும்.