பச்சை மலையில் ஒரு முறைத்தண்ணீர்

வற்றாத ஆறென்று ஒன்றும் இல்லாத ஓமன் தேசத்தில், மலையடியில் ஊறும் நீரைக் கால்வாய் வழியே ஊருக்குள் கொணர்ந்து, காலத்தை அளந்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் புராதனமான ஏற்பாடு ஒன்று உண்டு. 'பலஜ்' என்று அரபு மொழியில் வழங்கும் அந்த ஏற்பாட்டில், ஏறக்குறைய அரைமணி நேரப் பாய்ச்சலுக்கு 'அதர்' என்று பெயர். பகலில் நிழற்கடிகாரத்தையும் இரவில் நட்சத்திரங்களின் கதியையும் பார்த்து, இன்னார் தோட்டத்துக்கு இத்தனை அதர் என்று நீர் திருப்பிவிடப்பட்டு வந்தது. நம் ஏரிப் பாசனத்தில் முறைத்தண்ணீர் என்கிறோமே, அதே தர்மந்தான். மஸ்கத் நகரத்து இந்தியப் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருந்த நான், வேற்றுநாட்டில் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இந்த நீர்ப்பங்கீட்டையே நினைத்துக்கொள்கிறேன்.

1970-ஆம் ஆண்டில் அந்தத் தேசம் முழுவதிலும் இருந்தவை மூன்றே பள்ளிகள்; அவற்றில் படித்தவர்கள் சுமார் 900 சிறுவர்கள்; பெண் குழந்தைகளுக்கு அங்கே இடமே இல்லை. அவ்வாண்டு ஜூலையில் சுல்தான் காபூஸ் அரியணை ஏறிய பின்னர் ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தபோது, கற்பிக்க ஆளின்றி எகிப்து, சூடான், ஜோர்டான் முதலிய நாடுகளிலிருந்து ஆசிரியர்களை வரவழைக்க நேர்ந்தது. பிழைப்பை நாடி அங்கே குடியேறிய இந்தியர்களின் குழந்தைகளுக்காக 1975-இல் மஸ்கத்தில் ஓர் இந்தியப் பள்ளி தோன்றி, பின்னர் மற்ற ஊர்களிலும் அத்தகைய பள்ளிகள் பெருகின. நம் மத்தியக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் அந்தப் பள்ளிகளுக்கு, தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பி.எட். பட்டத்தோடு சென்றவர்களில் நானும் ஒருத்தி.

விடியுமுன் எழுந்து, பிள்ளைகளுக்கும் தனக்குமாகச் சோறு கட்டி, இருள் பிரியும் நேரத்தில் தெருமுனையில் பள்ளி வண்டிக்காக நிற்பதில் தொடங்குகிறது ஆசிரியையின் நாள். அதன் பிறகு அவளுடைய காலம் அவளுடையதன்று. ஒரு மணி அடித்தால் எட்டாம் வகுப்புக்கு, மறு மணி அடித்தால் ஒன்பதாம் வகுப்புக்கு, இடையில் கிடைக்கும் ஓய்வுப் பாடவேளையும் விடுப்பில் போன சகாவின் வகுப்புக்கு என்று அது பாத்தி பாத்தியாகப் பாய்ந்துகொண்டே இருக்கும். நடுப்பகலுக்குப் பின் வெயில் தகிக்க வீடு திரும்பினால், திருத்த வேண்டிய நோட்டுப் புத்தகங்களும் மறுநாள் பாடக்குறிப்பும் காத்திருக்கின்றன. சம்பளம் வந்த வாரத்தில் மஸ்கத்தின் ரூவி கடைவீதிப் பணமாற்று நிலையத்தில் வரிசையில் நின்று, வீட்டுக் கடனுக்கும் தகப்பனாரின் மருந்துக்கும் தங்கையின் படிப்புக்கும் பிரித்து அனுப்பியாக வேண்டும். கோடை விடுமுறைக்குத் தாயகம் வந்தாலோ, கல்யாணங்களும் துக்கம் விசாரிப்புகளும் மருத்துவமனை வாசலுமாக அந்த நாட்களும் பிறர் வயலுக்கே பாய்ந்துவிடுகின்றன. தனக்கென்று ஓர் அதர் நீர்கூட இல்லாத தோட்டம் எத்தனை காலம் பச்சையாக இருக்கும்?

அந்த நீர் வருவது நீண்ட வாரவிடுமுறையில்தான். 2013 மே மாதம் முதல் அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அவற்றோடு ஈகைப் பெருநாள் சேர்ந்துகொண்டால் நான்கைந்து நாட்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கும். பிறை தெரிந்ததா என்று இஸ்லாமியச் சகோதரர்களுக்குச் சமமான ஆவலோடு நாங்களும் வானத்தைப் பார்த்திருப்போம். 2023-இல் அந்தப் பெருநாள் ஏப்ரலில் வந்தது. ஓமனின் மலைச்சிகரங்களில் ரோஜா பூக்கும் மாதம் அது. பல மாதங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, ஆசிரியைகள் நால்வர் சேர்ந்து 'ஜபல் அக்தர்' எனப்படும் பச்சை மலைக்குப் புறப்பட்டோம்.

மஸ்கத்திலிருந்து நிஸ்வா செல்லும் சாலையில் ஒன்றரை மணி நேரம் போனால் 'பிர்கத் அல் மௌஸ்' என்ற ஊர். வாழைக்குளம் என்பது அப்பெயரின் பொருள். 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்ற ஐந்து பலஜ்களுள் ஒன்று இவ்வூரின் பேரீச்சந் தோப்புகளுக்கு நீர் வார்க்கிறது. மலைப்பாதை செங்குத்தானதாகையால், நாற்சக்கர இயக்கமுள்ள வண்டியன்றி வேறெதனையும் இங்குள்ள காவற்சாவடியில் மேலே விடுவதில்லை. வளைந்து வளைந்து ஏறி, ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்திலுள்ள சைக் பீடபூமியை அடைந்தபோது, மஸ்கத்தின் அனற்காற்று எங்கோ கீழே நின்றுவிட்டது. கண்ணாடியை இறக்கியதும் முகத்தில் மோதிய குளிர்ச்சியில் நால்வரும் பேச்சற்றுப் போனோம்.

2014-இலும் 2016-இலும் திறக்கப்பட்ட இரண்டு பெரிய விடுதிகள் அங்கே அதலபாதாளத்தின் விளிம்பில் நிற்கின்றன. 1986-இல் இளவரசர் சார்லஸுடன் வந்த இளவரசி டயானா நின்று பார்த்த பாறைமுனை அவற்றுள் ஒன்றின் எல்லைக்குள் இருந்து இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நாங்கள் தங்கிய விடுதியில் குந்திரிக்கப் புகையும், ஏலம் மணக்கும் 'கஹ்வா' என்னும் அரபுக் காப்பியும், பேரீச்சம்பழமும் வைத்து வரவேற்றார்கள். வெண்ணிறப் படுக்கை, பள்ளத்தாக்கைப் பார்த்த முற்றம், கேட்குமுன் வந்து நிற்கும் உணவு ஆகிய இவையெல்லாம் ஆடம்பரமே, சந்தேகமில்லை. ஆனால் காலை எட்டு மணிக்குக் கண்விழித்த எங்களில் இளையவள், "அக்கா, மணி அடிக்காமலே பொழுது விடிஞ்சிருக்கு!" என்று குரல் தழுதழுக்கச் சொன்னபோது, நாங்கள் விலை கொடுத்து வாங்கியது படுக்கையையோ பண்டத்தையோ அன்று என்பது எனக்கு விளங்கிற்று. நாள்தோறும் நாற்பது பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறவள், ஒரு நாள் இலை முன் உட்கார்ந்தாள், அவ்வளவே.

மறுநாள் படிப்படியாகச் சரியும் வயல்களையுடைய அல் அய்ன், அல் அக்ர் கிராமங்களின் வரப்புகளில் நடந்தோம். விடியற்காலையில் பறித்த ரோஜா இதழ்களை மண்ணடுப்பின் மீதுள்ள பானையில் இட்டு, உள்ளே ஒரு சிறு செம்புப் பாத்திரத்தை வைத்து, குளிர்ந்த நீர் நிரம்பிய கலத்தால் மூடி எரிக்கிறார்கள். மேலெழும் ஆவி அக்கலத்தின் அடியில் பட்டுக் குளிர்ந்து, துளித்துளியாகச் செம்பில் விழுகிறது. அவ்வாறு இறங்கும் பன்னீரை ஜாடியில் ஊற்றித் தெளியும்வரை பல நாட்கள் அசையாமல் வைத்துவிடுகிறார்கள். புகை மணம் கலந்த அந்தப் பன்னீரை ஒரு முதியவர் எங்கள் உள்ளங்கையில் வார்த்தார். சாக்கட்டித் தூள் படிந்து வறண்டுபோன என் கைக்கு, அது ஓர் அபிஷேகம் போல இருந்தது.

கடனும் கடமையும் இருக்கையில் இத்தனை செலவு தகுமா என்று ஊரில் சிலர் கேட்டதுண்டு; நானே என்னைக் கேட்டுக்கொண்டதும் உண்டு. அதற்கு விடையாக எனக்குத் தோன்றுவது பலஜ்தான்: அதன் நீர் பாயும் தோட்டம் எதுவும், அது எவ்வளவு சிறியதாயினும், முறையில்லாமல் இருப்பதில்லை. முறை என்பது பேராசையும் அன்று, பிச்சையும் அன்று; அது உரிமை. பிறருக்குப் பாய்வதற்கென்றே வாழ்கிறவர்களுக்குத்தான் அந்த உரிமையை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் மாலை மலையிறங்கி, பிர்கத் அல் மௌஸில் தோப்போரம் வண்டியை நிறுத்தினோம். அங்கே ஒரு பெரியவர் குனிந்து, துணி சுற்றிய கல்லை ஒரு மடையிலிருந்து எடுத்து அடுத்த மடையில் வைத்து அடைத்தார்; நீர் முகம் திருப்பிக்கொண்டு அயல் தோட்டத்துக்குப் போயிற்று. முறை முடிந்த தோட்டத்தில், பேரீச்சைகளின் அடியில் மண் கறுத்து நனைந்திருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்கு எட்டாம் வகுப்பு.