ஓட்டுச்சில்லும் ஒரு சமன்பாடும்

மாடி வீட்டு அக்காவின் கறிவேப்பிலைக் கன்று மூன்றாவது முறையாக வேரழுகிப் போனது. "அடியில ரெண்டு விரக்கடைக்கு ஓட்டுச்சில்லு, அதுக்கு மேல கூழாங்கல்லு, எல்லாம் சொன்ன மாதிரிதான் போட்டேன் தம்பி. தண்ணி வடியணுமா இல்லையா?" என்றபடி டீயை வைத்தார். கூடவே நான்கு பொறை.

வடியாது என்றேன். மண்ணில் தண்ணீரைத் தேக்கியதே அந்தச் சில்லும் கல்லும்தான் என்றேன். ஓட்டை பெரிதாக இருந்தால் தண்ணீர் சுலபமாகப் போகும் என்பதுதானே உலக வழக்கு? அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அந்த வழக்கு முழுவதும் இருந்தது.

பொறையின் நுனியை மட்டும் டீயில் பட்டும் படாமலும் பிடித்துக் காட்டினேன். டீ மேலே ஏறியது. யாரும் ஊற்றவில்லை. பொறைக்குள் இருக்கும் மயிரிழைத் துளைகள் இழுக்கின்றன. மண்ணும் அப்படித்தான். முழுக்க நனைந்து ஊறிய மண்ணில் தண்ணீரைப் பெரும்பாலும் அதன் எடைதான் கீழே தள்ளுகிறது. பாதி ஈரமான மண்ணில், அதாவது துளைகளில் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காற்றுமாக இருக்கும்போது, உறிஞ்சுவிசையும் சேர்ந்துகொள்கிறது. அது கீழே மட்டும் இழுக்காது. எந்தப் பக்கம் காய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமெல்லாம் இழுக்கும், மேலேகூட.

துளை சிறுக்கச் சிறுக்கப் பிடி இறுகும். 0.03 மில்லிமீட்டர் அகலத் துளை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத் தண்ணீர்க் கம்பத்தைத் தாங்கும். அதனால் மண் காயத் தொடங்கும்போது பெரிய துளைகள்தான் முதலில் காலியாகின்றன. காலியான துளை தண்ணீருக்கு வழி இல்லை, சுவர். ஊருக்குள் இருக்கும் நெடுஞ்சாலைகளை எல்லாம் முதலில் மூடிவிட்டுச் சந்துகளை மட்டும் திறந்து வைத்தது போன்ற நிலைமை.

1856இல் பிரான்சின் டிஜோன் நகரத்துக் குடிநீர் ஏற்பாடுகளைப் பற்றி எழுதிய ஹென்றி டார்சி, மணல் வழியாகத் தண்ணீர் போகும் வேகத்துக்கு ஒரு விதி தந்தார். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு கடத்துதிறன் உண்டு. அது ஒரே எண். ஆனால் அவருடைய மணல் முழுக்க நனைந்தது. 1907இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட அறிக்கையில் எட்கர் பக்கிங்ஹாம் அந்த எண்ணை அசைத்தார். பாதி ஈர மண்ணில் கடத்துதிறன் நிலையாக நிற்காது, ஈரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் என்றார். அதே அறிக்கையில் இன்னொரு சோதனையும் உண்டு. வறண்ட காற்றில் வைத்த மண், ஈரக்காற்றில் வைத்ததைவிட முதலில் வேகமாகக் காய்ந்தது. பிறகு மேற்பரப்பில் ஒரு காய்ந்த பொருக்கு உருவாகி, கீழேயிருந்த ஈரம் ஏறிவரும் வழியை அடைத்துவிட்டது. முடிவில் வறண்ட காற்றில் இருந்ததே குறைவாக இழந்தது. மழைக்குப் பிறகு மேலாக ஒரு உழவு ஓட்டிப் புழுதியாக விடும் மானாவாரிக்காரர்கள் இந்த அடைப்பைத்தான் கையால் செய்கிறார்கள்.

1931இல் லோரென்சோ ரிச்சர்ட்ஸ் இதையெல்லாம் ஒரே சமன்பாடாகக் கட்டினார். வானிலையைக் கணக்கால் கணிக்க முயன்ற லூயிஸ் ரிச்சர்ட்சன் 1922லேயே கிட்டத்தட்ட அதை எழுதிவிட்டார் என்றாலும், பெயர் நிலைத்தது ரிச்சர்ட்ஸுக்குத்தான். பார்க்கப் பயமாக இருக்கும் அந்தச் சமன்பாடு உள்ளுக்குள் வீட்டு வரவு செலவுதான். ஒரு துண்டு மண்ணில் ஈரம் எவ்வளவு மாறியது? வந்தது கழித்தல் போனது. எவ்வளவு போனது? எடையின் இழுப்பும் உறிஞ்சுவிசை வித்தியாசமும் சேர்ந்த தொகை, பெருக்கல் கடத்துதிறன்.

சிக்கல் அந்தப் பெருக்கலில் இருக்கிறது. கடத்துதிறன் தெரிந்தால்தான் ஈரம் தெரியும்; ஈரம் தெரிந்தால்தான் கடத்துதிறன் தெரியும். அதன் ஏற்ற இறக்கமும் சாதாரணமல்ல. கடத்துதிறனைக் கணக்கிட 1980இல் வான் கெனுக்டென் தந்த வாய்பாட்டில், மணலுக்கும் களிக்கும் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சராசரி மதிப்புகளை இட்டு நானே ஒருமுறை போட்டுப் பார்த்தேன். முழுக்க நனைந்த மணலில் நாளுக்கு 713 சென்டிமீட்டர், களியில் 4.8. இதுவரை அக்கா சொன்னதுதான் சரி. இப்போது இரண்டையும் ஒரு மீட்டர் தண்ணீர்க் கம்பத்துக்கு ஈடான உறிஞ்சுவிசை வரும்வரை காயவிடுங்கள். களியின் கடத்துதிறன் ஏறத்தாழ 240இல் ஒரு பங்காகிறது. மணலுடையது நான்கு கோடியில் ஒரு பங்கு! மணல் களியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மந்தமாகிவிட்டது.

"அப்ப கூழாங்கல்லு?" என்றார் அக்கா.

கூழாங்கல் இன்னும் மோசம். தொட்டியின் மண்ணில் ஊற்றிய தண்ணீர் கல் அடுக்கின் வாசல்வரை வரும். கல்லிடுக்குகள் அகலமானவை, காற்று நிறைந்தவை, அவற்றுக்கு இழுப்பு இல்லை. மேலே மண்ணின் நுண்துளைகளோ பிடித்ததை விடாது. அதனால் எல்லையை ஒட்டிய மண் கிட்டத்தட்ட முழுக்க ஊறும்வரை தண்ணீர் அங்கேயே நிற்கும். அதன் பிறகுதான் சொட்டும். கல் போடாத தொட்டியிலும் அடியில் இப்படி ஒரு சேற்றுப் பட்டை உண்டு. கல் போட்டு நாம் செய்தது, அந்தப் பட்டையைத் தூக்கி வேருக்குப் பக்கத்தில் வைத்தது.

தொட்டிக்குத் தொல்லையான இதே சங்கதியை வேண்டுமென்றே கட்டவும் செய்கிறார்கள். அமெரிக்காவின் ஹான்ஃபோர்ட் அணுக்கழிவு வளாகத்தில் 1994இல் ஒரு சோதனை மூடி அமைத்தார்கள். மேலே 2 மீட்டர் வண்டல் கலந்த மண், அதன் கீழே மணலும் சரளையும். மழைநீர் சரளையின் வாசலில் நின்றுவிட வேண்டும். வெயிலும் செடியும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். 1,000 ஆண்டு தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பு.

இவ்வளவு காலத்துக்குக் கணக்கைக் காகிதத்தில் போட முடியாது. மண்ணை மெல்லிய அடுக்குகளாக வெட்டி, கணினியில் சிறு சிறு நேரத் துண்டுகளாக நடத்துகிறார்கள். காய்ந்த மண்ணில் இறங்கும் ஈரத்துக்குக் கூரான முகப்பு உண்டு; அந்த முகப்பில் கணினி தடுமாறும். பெரிய அடி வைத்தால் ஊற்றிய தண்ணீரில் ஒரு பகுதி கணக்கிலிருந்தே காணாமல் போகும். ஈர அளவையும் உறிஞ்சுவிசையையும் சமன்பாட்டில் எப்படிக் கலந்து எழுதினால் தண்ணீர் தொலையாது என்று சீலியாவும் கூட்டாளிகளும் 1990இல் காட்டிய பிறகு அந்தத் தலைவலி குறைந்தது.

தீராத தலைவலிகளும் உண்டு. வாய் குறுகி வயிறு பெருத்த துளை, நிரம்பும்போது ஒரு மாதிரியும் காயும்போது வேறு மாதிரியும் நடக்கும். அதனால் ஒரே உறிஞ்சுவிசையில் மண் இரண்டு ஈர அளவுகளைக் காட்டும். காய்ந்துவந்த மண்தான் அதிகம் வைத்திருக்கும். கரிசல் காட்டுக்கு வந்தால் கணக்கே வாயடைத்துப் போகிறது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்த நிலத்தில் முதல் பெருமழை வெடிப்பு வழியாக நேரே ஆழத்துக்கு ஓடுகிறது. பக்கத்து மண் காய்ந்தபடியே நிற்கிறது. ரிச்சர்ட்ஸ் சமன்பாட்டுக்கு வெடிப்பு தெரியாது. வெடிப்புக்குத் தனி ஓட்டம், மண்ணுக்குத் தனி ஓட்டம் என்று இரண்டாகப் பிரித்துப் போடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு கசியும் என்ற எண்ணை, உள்ளதைச் சொன்னால், பெரும்பாலும் அளந்த தரவுக்குப் பொருந்தும்வரை திருகித்தான் கண்டுபிடிக்கிறோம்.

கையிலிருந்த பொறை இதற்குள் ஊறிப்போய் டீக்குள் விழுந்துவிட்டது. அக்கா கரண்டி எடுத்து வந்தார்.

"சரி, அந்தச் சில்லை எல்லாம் என்ன பண்ண?"

"ஒண்ணே ஒண்ணு வச்சுக்கங்க அக்கா. குழிஞ்ச பக்கம் கீழ வர்ற மாதிரி ஓட்டை மேல கவுத்துங்க. மண்ணு ஒழுகாம இருக்க அது போதும். மிச்சத்துக்கும் சேர்த்து மண்ணையே போடுங்க."