உறக்கமும் மது மயக்கமும்

பகல் முழுதும் உழைத்தவனுக்குச் சிறிது மது உட்சென்றாலன்றி இரவில் உறக்கம் வாராது என்னும் பேச்சு நமது கொங்கு நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கரும்பு வெட்டுவோரும், விசைத்தறியில் நிற்போரும், திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு ஊர் ஊராய்ச் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுவோரும் இவ்வாறே கூறுகின்றனர். இதனை வெறும் சாக்கு என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. மது அருந்தியவன் விரைவில் கண்ணயர்கிறான் என்பது மெய்யே. கண்ணயர்ந்த பின் அவனுக்கு நேர்வது யாது என்பதே சங்க அங்கத்தினர்கள் ஆராய வேண்டுவது.

விளக்கை அணைத்தாற்போல் பிரக்ஞை ஒரேயடியாய் நின்றுவிடுவதே உறக்கம் என்று பலரும் எண்ணியிருந்தனர். 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அஸெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் கண்கள் மூடிய இமைக்குள் சில வேளைகளில் வேகமாய் அசைவதையும், அவ்வேளையில் எழுப்பப்பட்டவர் பெரும்பாலும் கனவு கண்டதாகக் கூறுவதையும் வெளியிட்டனர். ஆழ்ந்த உறக்கமும் கனவுறக்கமும் சுமார் 90 நிமிஷத்திற்கு ஒரு சுற்றாக மாறி மாறி வருகின்றன என்பது இப்போது நன்கு தெரிந்த விஷயம். முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. பின்னிரவில் கனவுறக்கம் மிகுதி. உடலின் களைப்பு நீங்குவதும், பகலில் கற்றது ஞாபகத்தில் நிலைப்பதும், மனக்கொதிப்பு தணிவதும் இவ்விரண்டும் குறைவின்றி நடப்பதைப் பொறுத்தவை.

மதுவின் வேலையை இனிக் காண்போம். மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டவும் அடக்கவும் சில இரசாயனப் பொருள்களைப் பயன்படுத்துகின்றன. மதுவானது அடக்கும் பொருளின் வேலையை மிகுதியாக்கி, தூண்டும் பொருளின் வேலையைக் குறைக்கிறது. ஆகவே மயக்கம் விரைவில் வருகிறது. முன்னிரவின் கனவுறக்கமோ குறைந்துபோகிறது. தொண்டைத் தசைகள் தளர்ந்து குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டாகின்றன. ஈரல் மணி ஒன்றுக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் சாராயச் சத்தையே அழிக்க வல்லது. அது அழிந்து தீரும் மூன்றாம் ஜாமத்தில், அதுவரை அழுத்தி வைக்கப்பட்டிருந்த மூளை எதிர்த்தெழுகிறது. வியர்வை, தாகம், நெஞ்சுப் படபடப்பு, சிறுநீர் உபாதை ஆகியவற்றோடு விழிப்பு உண்டாகி, விடியுமட்டும் அரைத் தூக்கமாய்க் கழிகிறது. மறுநாட் களைப்புக்கு மீண்டும் மாலையில் மதுவையே நாடுகிறான். சில நாட்களிலேயே பழைய அளவுக்கு உறக்கம் வருவதில்லை, அளவு ஏறுகிறது. அதே வீட்டில் மனைவி மக்களின் உறக்கமும் கெடுகிறது என்பதை இங்குச் சொல்லாமல் விடலாகாது. 1921-ஆம் ஆண்டில் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியவர்கள் நாகம்மையார், கண்ணம்மாள் என்னும் இரு பெண்மணிகள் என்பது நினைக்கத்தக்கது.

உறக்கம் கெட்டால் முதலில் கெடுவது கவனம். அதனினும் கேடானது, கவனம் கெட்டிருப்பதை அறியும் சக்தியும் உடன் கெடுவதாகும். குடித்தவன் தான் நிதானமாய் இருப்பதாகவே சாதிப்பான், உறங்காதவனும் அப்படியே. ஆஸ்திரேலியாவில் டாஸன், ரீட் என்போர் 1997-இல் வெளியிட்ட பரீக்ஷையில், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கைத்திறன், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயச் சத்து உள்ளவரின் திறனளவுக்குத் தாழ்ந்திருந்தது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு விதித்துள்ள எல்லை 30 மில்லிகிராமே. எனவே ஒரு துளியும் அருந்தாத நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவர், காலை 5 மணிக்கு எழுந்து இரவு 10 மணிக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாராயின், சட்டத்தின் கண்ணுக்குத் தென்படாத குடிகாரரின் நிலையில் இருக்கிறார். 60 கிலோ மீட்டர் வேகத்தில் மூன்று வினாடி கண் சொருகினால் வண்டி 50 மீட்டர் தானாக ஓடிவிடும். தறியில் விரல் இழப்பவர்க்கும், நடுநிசியில் மோட்டார் போட எழுந்து ஈரக் கையால் சுவிட்சைத் தொடுபவர்க்கும் இது பொருந்தும்.

காப்பி, தேநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோஸின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வந்து உறக்கத்தைக் கோருகிறது. காப்பியிலும் தேயிலையிலும் உள்ள கஃபீன் அது அமரும் இடத்தில் தான் அமர்ந்து அக்கோரிக்கையைக் கேளாமற் செய்கிறது. கடன் நோட்டீஸை மறைத்து வைப்பது போன்றதே இது, பாக்கி தீர்வதில்லை. உட்சென்றதில் பாதி சுமார் ஐந்து மணி நேரத்திற்குப் பின்னும் உடலில் நிற்குமாதலால், மாலை 6 மணிக்கு மேல் தேநீர் பருகிவிட்டு உறக்கம் வரவில்லையென்று மதுவைத் தேடுவது விபரீதம்.

மதுவை நிறுத்த முயன்ற அனுபவம் நமது பிரதேசத்திற்குப் புதிதன்று. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்திலிருந்து, மதுவிலக்குப் பிரசாரத்திற்கென்றே ‘விமோசனம்’ என்னும் பத்திரிகை 1929-இல் தொடங்கப்பட்டது. பின்னர் அவரது மந்திரிசபை 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமலாக்கிற்று. நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம், தருமபுரி யாவும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. கடைகளை மூடியதோடு வேலை முடிந்துவிடவில்லை. வேலை விட்ட பிறகு இருட்டும் வரை கடையில் கழிந்த அந்தப் பொழுது அப்படியே எஞ்சி நின்றது. அதை நிரப்ப விளையாட்டும் பஜனையும் சிக்கன சேமிப்பும் ஊக்குவிக்கப்பட்டன. மரமேறிகளின் ஜீவனத்திற்கு வழி பனைவெல்லம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதனீர், அதாவது நம் பக்கத்துத் தெளுவு, புளிப்பதில்லை. சுண்ணாம்பின்றி விட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். அந்தத் தெளுவைக் காய்ச்சி விற்பதற்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. கலால் வருமானத்தின் இழப்பை ஈடுசெய்ய 1939-இல் வந்ததே விற்பனை வரி. யுத்த காலத்தில் மதுவிலக்கு நின்று, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971-இல் தளர்ந்து, பின் மாறி மாறி வந்த கதை நீளமானது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் வாணிபக் கழகத்தினிடமே இருக்கிறது. சட்டம் எவ்வாறு இருப்பினும், சேலத்துக்காரர்கள் மாலைப் பொழுதைப் பற்றிக் கவலைப்பட்டது சரியான இடத்தில் கை வைத்ததாகும் என்பது எமது அபிப்பிராயம்.

சங்கங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பால் பணமும் தறிக் கூலியும் பட்டுவாடா ஆகும் நாளிலேயே ஒரு பங்கைச் சேமிப்புக் கணக்கில் வரவு வைத்தல். இரவு முறை பார்ப்பவர் பகலில் இருட்டறையில் ஆறேழு மணி நேரம் சேர்ந்தாற்போல் உறங்க வீட்டார் உதவுதல். இரவுப் பாசனத்தை ஒருவர் தலையிலேயே சுமத்தாமல் பங்காளிகளுக்குள் முறை வைத்தல். தினமும் ஒரே நேரத்தில் எழுதல். உறக்கம் சீரானால் மது வேண்டுமென்னும் ஆவலும் சிலருக்குத் தணிகிறது.

ஆனால் பல ஆண்டுகளாய் நாள்தோறும் மிகுதியாய்க் குடித்தவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லுதல் ஆபத்தானது. பழனிக்கோ சபரிமலைக்கோ மாலை அணிந்த அன்றே நிறுத்திவிட்டு, கை நடுக்கமும் உறக்கமின்மையும் கண்டு, முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தோன்றும் சித்தப்பிரமையும் வரப்பெறுவோர் உண்டு. இதைச் சாமி வந்ததென்றோ காற்றுக் கருப்பென்றோ எண்ணித் தாமதித்தால் உயிருக்கே மோசம் வரலாம். உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இத்தகையோர் நிறுத்தும் முன்னரே ஜில்லாத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிற்குச் சென்றால், நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தும் தயாமின் என்னும் உயிர்ச்சத்தும் கொடுத்து நிறுத்த இயலும். குடிப்பவர் அறியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும்படி சிலர் விற்கும் மாத்திரை, பொடிகளை வீட்டார் வாங்கலாகாது. அவற்றில் டைசல்பிரம் என்னும் மருந்து இருப்பின், அதன்மேல் மது சென்றதும் முகம் சிவந்து வாந்தியும் மூச்சுத் திணறலும் உண்டாகி இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடும். இருதயத்தையும் ஈரலையும் சோதித்து, நோயாளியின் சம்மதத்தோடு மட்டுமே வைத்தியர் அதைக் கொடுப்பது வழக்கம்.